காலையில் மட்டும் வரும் வாத்து

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஒருவரை உயர்த்திப் பேச வேண்டுமென்றால் படித்தவர் என்று சொல்ல மாட்டார்கள். வேலை தெரிந்தவர் என்றும் சொல்ல மாட்டார்கள். கைராசிக்காரர் என்பார்கள். அதற்கு மேல் ஒரு பட்டம் அங்கே கிடையாது. சூளையில் முதல் நெருப்பு வைக்க ஒரு கைராசிக்காரர், புது அச்சில் முதல் களிமண் குழம்பு ஊற்ற ஒரு கைராசிக்காரர், லாரியில் முதல் பெட்டி ஏற்ற ஒரு கைராசிக்காரர் என்று ஒவ்வொரு பட்டறையும் ஆள் வைத்திருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு அந்தப் பட்டறைகளில் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தபோது, அதன் மூடியைத் திறந்து மூடவும் ஒரு கைராசிக்காரர் வேண்டியிருந்தது. அந்தப் பொறுப்பு லாரன்ஸ் தலையில் விழுந்தது. அவர் விண்ணப்பம் எதுவும் போடவில்லை.

லாரன்ஸுக்குக் கைராசியில் துளி நம்பிக்கை கிடையாது. கோயிலுக்குள் கர்த்தர், கோயிலுக்கு வெளியே காரணம் என்று உலகத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து படி இறங்கும்போதே காரணத்தின் ஆட்சி தொடங்கிவிடும். “காரணம் இல்லாம ஒரு ஸ்க்ரூ கூட கழலாது” என்பது அவர் வாடிக்கையாளர்களுக்கு வழங்கிவந்த இலவச உபதேசம். அவர் மனைவி ரெஜினா இதைக் கேட்கும்போதெல்லாம், “அப்ப ஒங்களுக்கு எது கழண்டுச்சின்னு கொஞ்சம் பாத்து சொல்லுங்க” என்பார்.

லாரன்ஸ் பிறந்தது மங்களூர் பக்கம்; கர்நாடகத்து மங்களூர் இல்லை, திட்டக்குடிக்கு அந்தாண்டை இருக்கிற மங்களூர். மானாவாரிக் காடு. மகன் வெயிலில் காயக் கூடாது என்று தாய் இஞ்ஞாசியம்மாள் அவரை விருத்தாசலத்துக்கு அனுப்பி பீங்கான் தொழிலில் டிப்ளமா படிக்க வைத்தார். வெயிலிலிருந்து காப்பாற்றப்பட்டவர் நேராகச் சூளை வாயில் போய் நின்றார். அது போதாதென்று களிமண் தூசி அவருக்கு ஆகவில்லை. தும்மல் வரும். சாதாரணத் தும்மல் இல்லை. ஒருமுறை அவர் தும்மியதில், காய வைத்திருந்த பொம்மைகள் ஒரு வரிசை அப்படியே சாய்ந்து, அத்தனையும் மூக்கை இழந்தன. ரெஜினாவின் அண்ணன் சவரிராஜ் கரண்டு ஃப்யூஸுக்குப் பீங்கான் கேரியர் செய்யும் பட்டறை வைத்திருந்தார். கல்யாணம் ஆன கையோடு மாப்பிள்ளையை அங்கே சூளை சூப்பர்வைசர் நாற்காலியில் உட்கார வைத்தார். லாரன்ஸ் தும்மிக்கொண்டே சில வருடம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒருநாள் எழுந்து போய்க் கடலூரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் படிப்பில் சேர்ந்தார். விருத்தாசலத்துக்கே திரும்பி வந்து பாலக்கரை பக்கம் ஒரு சந்தில் கடை போட்டார்.

சவரிராஜ் கோபப்படவில்லை. அதுதான் தொந்தரவு. “நாற்காலிய யாருக்கும் குடுக்கல மாப்ள. தொடச்சி வெச்சிருக்கேன். கம்ப்யூட்டரு எத்தினி நாளிக்கு?” என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கோயில் வாசலில் கேட்பார். கேட்டுவிட்டுத் தோளில் தட்டுவார். அந்தத் தட்டலில் லாரன்ஸுக்குச் சூளைச் சூடு அடிக்கும்.

கடை நிலைத்ததற்குக் காரணம் பழமலைநாதன் என்கிற பொம்மைப் பட்டறை முதலாளி. தொழிற்பேட்டைச் சிறு பட்டறைகளின் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். லாரன்ஸ் அவர் ஆபீசில் முதல் கம்ப்யூட்டரை மாட்டிய அன்று மத்தியானமே புதுச்சேரியிலிருந்து பெரிய பொம்மை ஆர்டர் ஒன்று வந்து சேர்ந்தது. பழமலைநாதன் லாரன்ஸின் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுநாள் தொழிற்பேட்டை முழுக்கச் செய்தி போய்விட்டது. அன்றிலிருந்து தான் நம்பாத ஒரு சரக்கை விற்றுத்தான் லாரன்ஸ் பிழைத்து வந்தார்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் வாத்து நுழைந்தது.

பழமலைநாதனின் மகன் அர்ச்சுனன். தாத்தா பேர். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் கடைசி வருடம். லீவில் வந்தவன், அப்பாவின் ஆபீஸ் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸையும் ஏற்றிவிட்டுப் போனான். காலேஜ் புராஜெக்டாம். இரண்டுமே ஒரு கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுக்கிற ஆதார மென்பொருள்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம் வைத்த மாதிரி. வாசல் ஒன்று. அதனால் மிஷினைப் போட்டதும் திரையில் ஒரு பட்டியல் வந்து நின்று, ‘யாரைப் பார்க்க வந்தீர்கள்?’ என்று கேட்கும். மேலே கீழே அம்பு போட்ட பட்டன்களால் நகர்த்தி, வேண்டியதன் மேல் வெளிச்சப் பட்டையை நிறுத்தி, எண்டர் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முதலில் இருப்பவரை அதுவே எழுப்பிவிடும்.

ஆபீசுக்கு வேண்டியது விண்டோஸ். பில் போடும் மென்பொருள் அதில்தான் இருந்தது. பில் போடும் சிவசங்கரிக்கும் அதுதான் தெரியும். லினக்ஸ் குடித்தனத்தின் வாசலில் ஒரு பென்குயின் படம் இருந்தது. பழமலைநாதன் பென்குயினைக் கண்டவரில்லை.

“லாரன்ஸு, வாத்து வந்துடுச்சி” என்று ஒருநாள் காலையில் போன் செய்தார்.

“வாத்தா? பட்டறைக்குள்ளியா மொதலாளி?”

“பொட்டிக்குள்ள.”

லாரன்ஸ் டிவிஎஸ் ஃபிப்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். பார்த்தார், சிரித்தார், மிஷினை மறுபடி போட்டார், விண்டோஸைத் தேர்ந்தெடுத்தார். ஒரு நிமிட வேலை. கோயம்புத்தூருக்குப் போன் போட்டு, அர்ச்சுனன் சொல்லச் சொல்ல எழுத்துக்கூட்டி அடித்து, பட்டியலில் விண்டோஸை முதல் ஆளாகவும் லினக்ஸைக் கடைசி ஆளாகவும் மாற்றி வைத்தார். பிறகு முதலாளிக்கு மிக எளிமையாக ஒரு விதி சொன்னார். “லிஸ்ட்டு வந்ததும் ஒரே ஒரு எண்டர் தட்டுங்க. வேற எதையும் தொடாதீங்க. விண்டோஸ் வந்துடும்.”

“ஒரே எண்டரு. வேற எதையும் தொடக் கூடாது” என்று பழமலைநாதன் மந்திர உபதேசம் வாங்குகிற மாதிரி சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் காலையிலும் வாத்து வந்தது.

அதற்கு மறுநாளும் வந்தது. அதன் பிறகு வாத்து விடுப்பே எடுக்கவில்லை. லாரன்ஸ் போவார், மறுபடி போடுவார், எண்டர் தட்டுவார், விண்டோஸ் சமர்த்தாக வரும். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார். ஒவ்வொரு முறையும் விண்டோஸ்தான். வாத்தின் இறகுகூடத் தென்படாது. “பாத்தீங்களா மொதலாளி?” என்பார். “பாத்தன். நாளைக்கி காலையில நீ பாரு” என்பார் அவர்.

சிவசங்கரியே மிஷினை மறுபடி போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்குப் பீங்கான் ஊர் தெரியாது. சூளையை ஏற்றிவிட்டால் பாதியில் அணைக்க மாட்டார்கள். அணைத்தால் உள்ளே இருக்கிற சரக்கு மொத்தமும் வெடித்துப் போகும். பழமலைநாதனைப் பொறுத்தவரை கம்ப்யூட்டரும் அப்படித்தான். நல்ல நேரம் பார்த்துக் காலையில் அவரே தன் கையால் போடுவார். போட்டதை அணைப்பது அபசகுனம். அணைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் கைராசிக்காரன் வந்து அணைக்க வேண்டும். சிவசங்கரி தினமும் பத்து மணிக்கு வந்து, வாத்தின் முன்னால் கைகட்டி உட்கார்ந்திருப்பாள்.

“இன்னிக்கும் வாத்தாண்ணா” என்பாள், லாரன்ஸ் தலை தெரிந்ததும். “நான் இதுக்கு ஒரு பேரே வெச்சிட்டேன். கமலம்.”

லாரன்ஸ் காரணத்தைத் தேடிப் புறப்பட்டார். மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரியை மாற்றினார். வாத்து வந்தது. காலையில் கரண்டு அழுத்தம் குறைவோ என்று மீட்டர் வைத்துப் பார்த்தார். கரண்டு யோக்கியமாக இருந்தது. கீபோர்டில் ஏதோ பட்டன் மாட்டிக்கொள்கிறது என்று சந்தேகப்பட்டு, புதுக் கீபோர்டு வைத்தார். வாத்து புதுக் கீபோர்டையும் அங்கீகரித்தது. பட்டியல் காத்திருக்கும் நேரத்தைக் கண்மூடித் திறப்பதற்குள் முடிகிற மாதிரி குறைத்தார். “கண்ணாடிய எடுத்து மாட்டறதுக்குள்ள ஓடிப்போவுது, நான் எங்கய்யா எண்டரு தட்டறது” என்று, லாரன்ஸ் போட்டுக் காட்டும்போதே முதலாளி சத்தம் போட்டார். நேரத்தைக் கூட்டினார். போதாது என்றார். இன்னும் கூட்டினார். ஒருவர் கண்ணாடி தேடி, துடைத்து, மாட்டி, ஒரு தும்மலும் போட்டு முடிக்கிற அளவுக்குப் பட்டியல் காத்து நின்றது. அப்படியும் வாத்து.

ஆத்திரத்தில் விண்டோஸைப் புதிதாக ஏற்றினார். அது ஏறும்போது வாசலையே இடித்துத் தனக்கு மட்டுமாகக் கட்டிக்கொண்டது. பட்டியல் போனது. லினக்ஸ் உள்ளேயே அடைபட்டுக் கிடந்தது. ஒரே ஒரு காலை நிம்மதி. மறுநாள் சனிக்கிழமை, ஊருக்கு வந்த அர்ச்சுனன் மிஷினைப் போட்டுப் பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அவன் சாப்பிடாததால் அவன் அம்மா சொர்ணாம்பாள் சாப்பிடவில்லை. சொர்ணாம்பாள் சாப்பிடாததால் முதலாளிக்கும் ஒன்றும் பரிமாறப்படவில்லை. பசித்த குரலில் போன் வந்தது.

“பையன் போட்டத கலைக்காதய்யா. வூட்டுல அடுப்பு எரியல.”

அர்ச்சுனனே உட்கார்ந்து வாசலை மறுபடி கட்டினான். எதற்கும் இருக்கட்டும் என்று விண்டோஸையே முதல் ஆளாக வைத்தான். லாரன்ஸ் பக்கத்தில் நின்று சரிபார்த்தார். இருவரும் மாறி மாறிப் போட்டுப் பார்த்தார்கள். சொக்கத்தங்கமாக வேலை செய்தது. திங்கட்கிழமை காலை லாரன்ஸ் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. ரெஜினா எடுத்தார்.

“என்னாங்க, ஒங்க வாத்து” என்று போனை நீட்டினார்.

அந்த வாரம்தான் விஷயம் முற்றியது. புதுசாக வந்திருந்த வரிக் கணக்கு முறைக்காகத் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகள் எல்லாம் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் வாங்குவதென்று சங்கத்தில் முடிவாகியிருந்தது. மொத்தத்தையும் மாட்டிப் பராமரிக்க ஒரே ஆள். அந்த ஆள் யார் என்பதை வெள்ளிக்கிழமை சாயங்காலக் கூட்டத்தில் தலைவர் எழுந்து சொல்ல வேண்டும். வாத்துக்கு முன்னால் இதில் சந்தேகமே இருந்ததில்லை.

“நான் எழுந்து நின்னு என்னா சொல்றது லாரன்ஸு?” என்றார் பழமலைநாதன். திட்டவில்லை. வருத்தமாகச் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது. “எம் மிசினுல வர்ற வாத்தையே ஒன்னால நிறுத்த முடியல. ஒங்கையில இருந்த ராசி எறங்கிப்போச்சின்னு பேசிக்கிறாங்க. திட்டக்குடியில காத்தவராயன்னு ஒருத்தராம். கூப்புட்டு பாக்கச் சொல்றாங்க.”

“அவருக்கு என்னா தெரியும் மொதலாளி?”

“தெரியாதாம். ஆனா கைராசியாம்.”

தனக்கும் அதே தகுதியில்தான் வேலை கிடைத்தது என்பது லாரன்ஸுக்கு நினைவுக்கு வந்தது.

ராசி இறங்கிவிட்டது என்று தலைவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்துவிட்டால் அப்புறம் பாலக்கரை சந்தில் கடை திறந்து வைத்து ஈ ஓட்ட வேண்டியதுதான். கடலூர் வட்டாரத்தில் வேறு எங்காவது போய்ப் பிழைத்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ரெஜினாவுக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் வேலை. மிச்சம் இருப்பது அந்தத் துடைத்து வைத்த நாற்காலி. வியாழக்கிழமை சவரிராஜ் வீட்டுக்கே வந்துவிட்டார். வரும்போது தும்மலுக்கு நல்லது என்று மூக்கையும் வாயையும் மூடும் துணி உறை ஒன்று வாங்கி வந்திருந்தார்.

“எதுக்கு மச்சான் இது?” என்றார் லாரன்ஸ்.

“சும்மா வெச்சிக்க மாப்ள. எப்படியும் வேணும்.”

அவர் போனதும் ரெஜினா அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்தார். “நல்ல துணி” என்றார். லாரன்ஸின் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி, கோவப்படாதீங்க. நீங்க எப்பவும் அவரு போன் பண்ண பெறகுதான போறீங்க? வாத்து வந்த பெறகு போயி வாத்த தேடினா? வரும்போது அங்க இருங்க” என்றார்.

இத்தனை நாளாகத் தனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று லாரன்ஸ் யோசித்தார். மனைவி சொன்னது என்பதால் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. “அப்படித்தான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்” என்றார்.

வெள்ளிக்கிழமை காலை, பழமலைநாதன் பட்டறைக்கு வருவதற்கு முன்பே லாரன்ஸ் கேட்டில் நின்றார். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை.

“பூட்டு தொறக்கற நேரத்துல எதிர்ல ஆளு நிக்கக் கூடாது. போயிட்டு அப்பறமா வாய்யா.”

“எதிர்ல நிக்கல மொதலாளி. பின்னாடி நிக்கறன்.”

“பின்னாடியும் ஆவாது.”

கடைசியில், பொம்மைகளை வைக்கோலில் சுற்றிப் பெட்டி கட்டும் கொட்டகைப் பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம், மூச்சு விடக் கூடாது என்று உடன்பாடு ஏற்பட்டது. வைக்கோல் தூசியும் களிமண் தூசியும் கலந்த அந்த இடத்தில் லாரன்ஸ் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். மச்சான் கொடுத்த துணியை வீட்டிலேயே விட்டு வந்தது வீம்பு.

பழமலைநாதன் உள்ளே போனார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கடிகாரத்தைப் பார்த்து நின்றார். நேரம் வந்ததும் சுவிட்சைப் போட்டார். பீப் என்று ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அடுத்து முதலாளி மர அலமாரியைத் திறந்து ஒரு பிள்ளையாரை எடுத்தார். பீங்கான் பிள்ளையார். சொந்தப் பட்டறைச் சரக்கு, கைக்கு அடக்கமாக, தொந்தி கொழுக்க, அடிப்பீடம் கனத்து. துண்டால் கீபோர்டைத் துடைத்தார். பிள்ளையாரை அதன் மேல் எழுந்தருளச் செய்தார். எங்கே? எழுத்துகள் மேல் இல்லை. எழுத்து சரஸ்வதி, அதன் மேல் யாரையும் உட்கார வைக்கக் கூடாது என்று தெரிந்தவர் அவர். கீபோர்டின் வலது பக்கம் எழுத்தே இல்லாமல் வெறும் அம்புக்குறி போட்ட பட்டன்கள் ஒரு சின்னத் தீவு மாதிரி இருக்குமே, அங்கே. பீடம் அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தியது.

திரையில் பட்டியல் வந்தது. வெளிச்சப் பட்டை முதலில் இருந்த விண்டோஸின் மேல் ஒரு கணம் நின்றது. பிள்ளையாரின் தொந்திக் கனம் முன்னால் இறங்கி, நடுவில் இருந்த கீழ் அம்பை மட்டும் அழுத்த, பட்டை இறங்கி, இறங்கி, அடித்தளத்தில் இருந்த லினக்ஸில் போய் உட்கார்ந்தது. இதை முதலாளி பார்க்கவில்லை. அவர் கண்களை மூடிக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார். தோப்புக்கரணம் போட்டார். நெற்றியில் குட்டிக்கொண்டார். அந்தப் பட்டியலும் பொறுமையாகக் காத்திருந்தது. பட்டன் ஏதாவது அழுந்தினால் ஆள் வந்துவிட்டார் என்று எண்ணி அது தன் நேரக் கணக்கை நிறுத்திவிடும். பிறகு பிள்ளையாரைப் பக்குவமாக எடுத்து அலமாரியில் வைத்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். மோதிர விரலால், லாரன்ஸ் சொல்லிக் கொடுத்தபடியே, ஒரே ஒரு எண்டர் தட்டினார். வேறு எதையும் தொடவில்லை.

வாத்து வந்தது.

லாரன்ஸ் மூக்கை விட்டார். அந்தத் தும்மலில் கொட்டகை வைக்கோல் பறந்தது. ஒரு மாதமாகத் தேடிய காரணம் கிடைத்துவிட்டது. ஆபீஸ் பக்கம் ஓடியவர் வாசலிலேயே நின்றுவிட்டார். இதை எப்படிச் சொல்வது? இவர் வேதக்காரர். அவரோ ஊர்ச் சிவன் பழமலைநாதர் கோயிலுக்குப் போகாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவர். ‘குற்றவாளி உங்கள் பிள்ளையார்தான்’ என்று இவர் வாயால் சொன்னால் சாயங்காலக் கூட்டத்தில் கைராசி மட்டுமா போகும்? சொல்லாமல் பிள்ளையாரை வேறு இடத்துக்கு நைசாக நகர்த்திவிடலாம். ஆனால் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது லாரன்ஸின் பிறவியில் இல்லை. தும்மலை மாதிரிதான் அதுவும்.

“மொதலாளி, தப்பா நெனச்சிக்காதீங்க. காரணம் தெரிஞ்சிடுச்சி.”

“சொல்லு.”

“பிள்ளையாரு.”

பழமலைநாதன் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டார். லாரன்ஸ் அவசர அவசரமாகச் செய்து காட்டினார். மிஷினை அணைத்துப் போட்டார். பிள்ளையாரை முதலாளியின் கையாலேயே அம்புகள் மேல் வைக்கச் சொன்னார். பட்டை கீழே ஓடியது. எடுக்கச் சொல்லி, அணைத்துப் போட்டார். பட்டை மேலேயே நின்றது. மறுபடி வைத்தார்கள். மறுபடி கீழே. இதைவிடத் தெளிவாக ஒரு காரணத்தை எந்தக் காலேஜிலும் நிரூபித்திருக்க மாட்டார்கள்.

முதலாளி குனிந்து திரையைப் பார்த்தார். “நீ எத்தினி வாட்டி மேல வெச்சாலும் அவரு கீழ கொண்டுபோறாரு?”

“ஆமாங்க.”

“மொத்தம் இருக்கிற வரியில வேற எதுலியும் நிக்கறதில்ல?”

“நிக்காதுங்க. கடைசி வரிக்குத்தான் போவும். எப்பவும்.” லாரன்ஸ் பெருமையாகவே சொன்னார்.

பழமலைநாதன் தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். கண் கலங்கியிருந்தது. “தெனம் தெனம் இதுதான் வேணும், இதுதான் வேணும்னு காட்டியிருக்காரு. நாமதான் அவரு போட்டத அணைச்சி அணைச்சி மாத்தியிருக்கோம்.”

லாரன்ஸுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் பீடத்தைச் சுட்டிக் காட்டினார். “மொதலாளி, அது வெயிட்டுங்க. வெயிட்டு பட்டன அழுத்துது.”

“வெயிட்டு யாருதுய்யா?”

வேதபாடத்தில் இதற்குப் பதில் இல்லை. டிப்ளமாவிலும் இல்லை.

பத்து மணிக்கு வந்த சிவசங்கரி விஷயத்தைக் கேட்டுத் தன் பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள். “சார், பில்லு போடற சாப்ட்வேரு இந்த வாத்துல ஓடாது சார்.”

“லாரன்ஸு ஓட வெப்பாரு. பிள்ளையாரு மனசு அவரு கையாலதான வெளிய வந்துச்சி.”

“அண்ணா, ஒங்களுக்கு லினக்ஸு தெரியுமா?” என்று சிவசங்கரி மெதுவாகக் கேட்டாள்.

“அணைக்கத் தெரியும்” என்றார் லாரன்ஸ்.

முதலாளி அதற்குள் கோயம்புத்தூருக்குப் போன் போட்டுவிட்டார். மறுமுனையில் அர்ச்சுனன் போட்ட சந்தோஷக் கூச்சல் அறை முழுக்கக் கேட்டது. தான் ஆரம்பத்திலேயே இதைத்தான் சொன்னதாகவும், காசு கொடுத்து விண்டோஸ் வாங்க வேண்டியதே இல்லை என்றும், பில் போடுவதற்கு லினக்ஸிலும் ஏதாவது இருக்கும், அதைத் தேடி எடுத்துவிடலாம் என்றும் சொன்னான். ‘ஏதாவது இருக்கும்’ என்ற இடத்தில் லாரன்ஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் சங்கக் கூட்டம். பழமலைநாதன் எழுந்து நடந்ததை அப்படியே சொன்னார். ஒரு பொய்யும் சேர்க்கவில்லை. பேட்டரி மாற்றியது, கீபோர்டு மாற்றியது, ஒரு மாதமாகப் பிள்ளையார் கீழே கீழே என்று காட்டியது, கடைசியில் வேறு மதத்துக்காரரான ஒரு மனிதரின் கண்ணுக்கு அது தெரிந்தது என்று வரிசையாகச் சொன்னார். தங்கராசு என்கிற அகல் விளக்குப் பட்டறைக்காரர், “நம்ம கண்ணுக்குத் தெரியாதது அவரு கண்ணுக்குத் தெரிஞ்சிருக்குது பாருங்க” என்றார். எல்லாரும் லாரன்ஸைத் திரும்பிப் பார்த்தார்கள்.

லாரன்ஸ் எழுந்தார். “அய்யா, இதுல ஒண்ணும் இல்லீங்க. அந்தப் பட்டன் மேல ஒரு செங்கல்ல வெச்சாலும் கீழதான் போவும்” என்றார்.

“அடக்கம்” என்றார் தங்கராசு. கை தட்டினார்கள்.

எல்லாப் பட்டறைக்கும் லினக்ஸ் என்றும், மாட்டிப் பராமரிப்பது லாரன்ஸ் என்றும் ஒருமனதாக முடிவாயிற்று. கூட்டம் கலையும்போது சவரிராஜ் பக்கத்தில் வந்தார். அவரும் சங்கத்து உறுப்பினர்தானே. தங்கை மாப்பிள்ளையைப் புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

“மாப்ள, எனக்கும் ஒண்ணு போட்டுடு. அந்த நாற்காலிக்கு இனிமே நீ எங்க வரப்போற. நம்ம பட்டறையில இருக்கிற சாமிக்கண்ணு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருந்தாரு, நாளைக்கே அவர ஒக்கார வெச்சிடறேன்.”

லாரன்ஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சவரிராஜ் தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார். இந்தத் தடவை சூடு அடிக்கவில்லை. ஜில்லென்று இருந்தது.

சனிக்கிழமை காலை பாலக்கரை சந்துக் கடையில் லாரன்ஸ் ஒரு மிஷினை எதிரே வைத்துக்கொண்டு, காதில் போனை இடுக்கியபடி உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூட லீவு என்பதால் ரெஜினா டிபன் கொண்டு வந்திருந்தார். இட்லி ஆறிக்கொண்டிருந்தது. மறுமுனையில் அர்ச்சுனன் உற்சாகமாக ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒற்றை விரலால் லாரன்ஸ் அடித்தார்.

“அடிச்சிட்டீங்களா அங்கிள்? இப்ப எண்டர் தட்டுங்க.”

தட்டினார்.

“என்ன தெரியுது?”

“ஒண்ணும் தெரியல தம்பி. எல்லாம் கறுப்பாப் போச்சி. மூலையில ஒரு கோடு மட்டும் கண்ணடிக்குது.”

“வெரி குட் அங்கிள். அப்படித்தான் இருக்கணும்.”

லாரன்ஸ் அந்தக் கறுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என்னாவாம்?” என்றார் ரெஜினா.

“நல்லாப் போவுதாம்” என்றார் லாரன்ஸ்.